கீழ எப்படி மேல இருக்கும்?

ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. தப்புகளை எழுதலாம் என்று முடிவை மாற்றியதும் கை தானாக ஓட ஆரம்பித்தது. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றவை உங்கள் கண்ணில் படாமல் போகாது. பழைய கோப்புகள் எல்லாம் சர்வரில்தான் இருக்கின்றன.

நம்முடைய தொழில் என்ன என்று என் மனைவிக்கு இருபது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னும் கட்டாத ஒரு கட்டடத்துக்குள் எத்தனை மணிக்கு வெயில் வரும், காற்று எந்தப் பக்கம் நுழையும், மே மாத மதியத்தில் உள்ளே இருப்பவர் எவ்வளவு வேர்ப்பார் என்றெல்லாம் கணினியில் பார்த்து முன்கூட்டியே சொல்கிறோம். கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால் தானே தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. 

இந்த வேலையில் முதலில் செய்ய வேண்டியது நிலத்தின் மேடு பள்ளத்தைக் கணினியில் ஏற்றுவது. அலுவலகத்தில் டெரெய்ன் என்பீர்கள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மென்பொருள் உலகம் தட்டை என்றே எடுத்துக்கொள்ளும். சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. தென்காசிப் பக்கம் அப்படி விட்டால், மலைக்குப் பின்னால் ஐந்தரைக்கே மறைந்துவிட்ட சூரியன் கணினியில் மட்டும் ஆறரை வரை மேற்குச் சுவரைச் சுட்டுக்கொண்டிருக்கும். இல்லாத வெயிலுக்கு நாம் பந்தல் போடச் சொல்வோம். செயற்கைக்கோள் தரும் உயரக் கணக்கை அப்படியே நம்பினாலும் ஆபத்துதான். அதற்கு மரத்தின் உச்சியும் தரையும் ஒன்று. நான் சேர்ந்த புதிதில் ஒரு தென்னந்தோப்பை அப்படியே குன்றாக ஏற்றி, அதன் மேல் ஒரு கல்யாண மண்டபத்தை உட்கார வைத்தேன். தேங்காய் விழும் உயரத்தில் மணவறை இருந்தது.

அந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாமல் விட்டவர் என்னுடைய முதல் சீனியர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எந்த மனைக்குப் போனாலும் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் போய், துணி எங்கே காயப்போடுவீர்கள், காலையில் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று விசாரிப்பார். அந்த வீட்டுக்காரர்கள் இவரைச் சலவைக்கடை ஆள் என்று நினைத்த சம்பவங்கள் உண்டு. அவரோடு இருந்த ஆறு வருடமும் நானும் கேட்டேன். பிறகு அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வெளியூர் மனைகளில் மட்டும் கேட்பதை நான் தொடர்ந்தேன். சொந்த ஊர்ப் பக்கம் யாரிடம் போய் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

இனி எஸ்தர் சிஸ்டரின் கதை. குவைத்தில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியவர். குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, படுக்கையில் விழுந்துவிட்ட முதியவர்களுக்காகப் பன்னிரண்டு கட்டிலோடு ஒரு இல்லம் கட்ட நினைத்தார். அவரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. காலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள் ஒவ்வொரு கட்டில் மேலும் வெயில் விழ வேண்டும். உடம்பு துடைத்துவிட்ட பிறகு, கஞ்சி கொடுப்பதற்கு முன்னால், இளவெயிலாக இருக்கும்போது. ஒன்பது மணிக்கு மேல் வரும் வெயில் படுத்திருப்பவரின் தோலுக்கு ஆகாது என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். பக்கவாதம் வந்து அவருடைய கணவர் மூன்று வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்திருக்கிறார். தென்காசியில் சந்துக்குள் வீடு. பகலிலும் விளக்குப் போட வேண்டும். மேலே இருந்த ஒரு ஓட்டை வழியாகக் காலையில் கை அகலத்துக்கு வெயில் வந்து எதிர்ச் சுவரில் விழுமாம். பேச்சு போய்விட்ட மனிதர் அந்த நேரத்துக்குச் சரியாகத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாராம். ஒருநாள் சிஸ்டர் கட்டிலை இழுத்து அந்த வெயிலில் போட்டுவிடலாம் என்று பார்த்திருக்கிறார். அந்த அறையில் அதற்கு இடம் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. 

அப்போது என் குழுவில் நித்யா என்று ஒரு பெண் இருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, சேர்ந்து எட்டு மாதம். நிலத்தை அளந்து உயரக் கணக்கு எடுத்துத் தந்தவர் வாசுதேவநல்லூர்க்காரர், பழம்பெரும் ஆள். மனையின் எல்லையோடு நிறுத்தாமல் வெளியேயும் கொஞ்ச தூரம் அளக்கச் சொல்லியிருந்தோம். அளந்தார். அவர் அனுப்பிய தாளில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டம்: மேல, கீழ.

நித்யா என்னிடம் வந்து அது என்ன என்று கேட்டாள். எங்கள் தென்காசிப் பக்கம் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. கீழப்பாவூர் என்பது பள்ளத்தில் கிடக்கும் பாவூர் இல்லை, கிழக்கே இருக்கும் பாவூர். மலை மேற்கே இருப்பதால் எங்களுக்கு மேற்கும் உயரமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. தண்ணீர் மேலே இருந்து கீழே வரும், அதாவது மேற்கிலிருந்து கிழக்கே. இரண்டு அர்த்தமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதே இல்லை. இதை அவளுக்கு ஒரு கால் மணி நேரம் விளக்கினேன். ரொம்ப நன்றாகவே விளக்கினேன்.

மறுநாள் அவள் நிலத்தை ஏற்றிக் காட்டினாள். கிழக்குப் பக்கம் நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு நின்றது. மேற்கே சமம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏம்மா நித்யா, எங்க ஊர்ல கீழ எப்படிம்மா மேல இருக்கும்?"

தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றாள். அளந்தவர் கட்டத்தை மாற்றி எழுதியிருப்பார், வயசானவர் என்றேன். ஒருமுறை போன் போட்டுக் கேட்டுவிடலாமா என்றாள். நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு, அவள் இருக்கையில் நானே உட்கார்ந்து நிலத்தைக் கிழக்கு மேற்காகப் புரட்டினேன். மௌஸில் இரண்டு தட்டு. சரிபார்க்க இணையத்தில் உயரப் படம் இருந்தது, அதை நான் திறக்கவே இல்லை. சொந்த வீட்டுக்குப் போகிற ஆள் வழி கேட்பானா?

அந்தப் பக்கம் சமவெளிக்கு நடுவே திடீரென்று பாறைக்குன்றுகள் எழுந்து நிற்கும். பொத்தை என்போம். சின்ன வயதில் அவற்றில் ஏறி இறங்கி முட்டி உடைத்துக்கொண்டவன் நான். சிஸ்டரின் மனைக்குக் கிழக்கே, வடபாதியை ஒட்டி அப்படி ஒரு பொத்தை நிற்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் நான் சரியான இடத்தில்தான் வைத்தேன். ஒரு பொத்தையைத்தான் தூக்கி மனைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டேன்.

அறிக்கை அருமையாக வந்தது. வடபாதியில் கிழக்கு பார்த்து வரிசையாக மூன்று அறை, அறைக்கு நாலு கட்டில், ஆறே முக்காலுக்கே எல்லாக் கட்டிலிலும் வெயில். தென்பாதியில் சமையலறையும் மற்றதும். 'மாலை வெயிலைத் தடுக்க மேற்கே இயற்கையாகவே ஒரு குன்று அமைந்திருப்பது இம்மனையின் நல்வாய்ப்பு' என்று ஒரு வாக்கியமும் எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக்கூடக் காட்டினேன்.

சிஸ்டர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பொத்தை வெயிலை மறைக்காதா என்றார். அதையெல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம் என்றேன். பொத்தையைச் சேர்த்திருந்தது உண்மைதான். அவர் தினமும் அந்த இடத்தைப் போய்ப் பார்ப்பவர். கணினி சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்துத் தன் கண்ணை ஒதுக்கி வைத்துவிட்டார். அதற்குக் காரணம் நான் பதில் சொன்ன தோரணை. இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

நாலு மாதம் கழித்துத் தென்காசியில் என் சித்தப்பா பேரனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் பத்து மணிக்கு. வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று பட்டு வேட்டியோடு கிளம்பி ஏழேகாலுக்கு மனையில் போய் நின்றேன். பின்னால் ரோட்டில் வெயில். மலை முகடெல்லாம் வெயில். நான் நின்ற இடத்தில் மட்டும் அடர்த்தியான நிழல். நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே, முகத்துக்கு நேராகப் பொத்தை நின்றது.

மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"நல்ல எடம் அண்ணாச்சி. எட்டே முக்காலுக்குத்தான் இங்கன வெயிலு எட்டிப் பாக்கும். அதுவரைக்கும் சொகமா வேலை பாக்கலாம்."

எங்கள் நூற்றுப் பத்து பக்க அறிக்கையை விட அந்த வாக்கியத்தில் விவரம் அதிகம். எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று விசாரித்தேன். வடகோடி அறையின் பில்லர் குழிகளுக்கு முந்தின நாளே கான்கிரீட் போட்டாயிற்று. அடுத்த இரண்டு அறைக்கும் கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள். எட்டு மணிக்குக் கலவை மெஷின் ஓடும். என் கைக்கடிகாரத்தில் ஏழு நாற்பது.

என் மேலதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, கொஞ்சம் பயந்தவர். பதறாதீர்கள் என்றார். நில அளவு வாடிக்கையாளர் தந்தது, அதிலுள்ள பிழைக்கு நாம் பொறுப்பல்ல என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறதே என்று நினைவுபடுத்தினார். அளவில் பிழை இல்லை, புரட்டிப் போட்டவன் நான் என்றேன்.  பிறகு, அந்தக் கோப்பை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம் என்றார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பிடித்திருந்தது. மூன்று வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அளந்தவர் தலையில் பழியைப் போடலாம். வயசானவர், மறுத்துப் பேசத் தெரியாதவர். கல்யாணத்துக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

நிறுத்துங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு, நிறுத்தச் சொல்லுதிய?"

நியாயமான கேள்வி. நான் எஞ்சினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் இல்லை, வீட்டுக்காரரின் சொந்தமும் இல்லை. வெயில் வருமா என்று பார்த்துச் சொல்கிறவன் என்றால் மனிதர் என்ன நினைப்பார்? சித்தாள் பெண்கள் சட்டியை ஏந்திவிட்டார்கள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த பில்லர் குழிக்குள் இறங்கிக் கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டேன். ஆள் நிற்கிற குழியில் கான்கிரீட் போட முடியாது. இந்த வசதி எந்த மென்பொருளிலும் கிடையாது.

மேஸ்திரி சிஸ்டருக்குப் போன் செய்தார். கல்யாண வேட்டியோடு ஒரு ஆள் குழிக்குள் நிற்கிறார் என்றும், பார்த்தால் குடித்தவர் மாதிரித் தெரியவில்லை என்றும் சொன்னது என் காதில் விழுந்தது. அரை மணி நேரத்தில் சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அதற்குள் அவரிடம் சொல்ல வேண்டியதை நாலைந்து விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் 'எங்கள் குழு' என்ற சொல் எப்படியோ நுழைந்துகொண்டே இருந்தது.

குழிக்குள்ளிருந்தே சொன்னேன். இந்த அறைகளுக்கு நீங்கள் கேட்ட நேரத்தில் வெயில் வராது என்றேன். அவர் பொத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெரிய மனசோடு எனக்கு ஒரு வழியும் விட்டார்.

"கம்ப்யூட்டரு தப்பாக் காட்டிருச்சா அண்ணாச்சி?"

"இல்ல சிஸ்டர். அது சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் மாத்தி வச்சேன்."

 "அன்னிக்குப் போன்ல கேட்டனே" என்றார் அவர். கேட்டீர்கள் என்றேன். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெஷினை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னிடம், "ஏறி வாங்க. வேட்டில துரு படுது" என்றார். எட்டே முக்காலுக்கு, மேஸ்திரி சொன்ன கணக்குப்படி, பொத்தையின் தலைக்கு மேலே சூரியன் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உறைக்கிற வெயில்.

அங்கிருந்தே நித்யாவைக் கூப்பிட்டேன். நீ முதலில் போட்ட நிலம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க சார். 'நித்யா கரெக்ட்'ங்கற பேர்ல சேவ் பண்ணி வெச்சிருக்கேனுங்க."

அதை வைத்து அன்று மதியத்துக்குள் அவள் புதிதாக நிழல் கணக்குப் போட்டு அனுப்பினாள். தென்பாதிக்குப் பொத்தையின் நிழல் அவ்வளவாக எட்டாது, ஏழேகாலுக்கு விலகிவிடும். இன்னும் கம்பி மட்டும் கட்டியிருந்த இரண்டு அறைகளையும் தென்கோடிக்குக் கொண்டுபோய், சமையலறையை நடுவில் போட்டால் எட்டுக் கட்டிலுக்கு வெயில் உண்டு. மூன்றையுமே தெற்கே தள்ளினால் பன்னிரண்டுக்கும் உண்டு. ஆனால் வடகோடி அறைக்குக் கான்கிரீட் விழுந்து இறுகிவிட்டது. அதை உடைத்துத் தூக்கிப் போட்டு மறுபடி ஆரம்பிப்பது சிஸ்டரால் ஆகிற காரியமில்லை. அந்த நாலு கட்டில் நிழலிலேயே நின்றது. ஒருநாள் முன்னால் போயிருந்தால் அவையும் தப்பித்திருக்கும்.

அலுவலகத்தில் எனக்குக் கண்டன ஓலை வந்தது. அதை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். வாசுதேவநல்லூர்க்காரரை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவே இல்லை. கிழக்கே பொத்தை இருந்தால் கீழ என்றுதானே எழுத முடியும் என்றார். கல்யாணச் சாப்பாடும் போயிற்று.

நீங்கள் தெரியாத ஊருக்குப் போனால் தப்பு செய்ய மாட்டீர்கள். பயத்தில் நாலு பேரிடம் கேட்பீர்கள். தெரிந்த ஊரில்தான் கவனமாக இருக்க வேண்டும். திரையில் தெரிவதைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வந்தால் மௌஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். குழுவில் சேர்ந்து எட்டு மாதமான ஒருத்தி போன் போட்டுக் கேட்கலாமா என்றால், போடச் சொல்லுங்கள். ஒரு போனுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

இல்லம் திறந்து நடக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் போக எனக்கு முகமில்லை. ஓய்வு பெற்றுத் தென்காசிக்கே குடிவந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் போனேன். வடகோடி அறை வாசலில் ஒரே நெரிசல். சக்கரம் வைத்த கட்டில்களை, ஆளோடு சேர்த்து, வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். தெற்கிலிருந்து நாலு கட்டில் எதிரே வந்துகொண்டிருந்தது. அறையைக் கழுவி விடுகிறீர்களா என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. இந்த ரூம்ல நாலு பேருக்கு வெயில் கெடையாதுல்லா. அதான் வாரம் ஒருக்கா ஆள மாத்துதோம். ஒரேயடியா ஒருத்தரையே இருட்டுல போட முடியுமா?"

ஒரு பெரியவரின் கட்டில் நடைபாதைத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. தள்ளிக்கொண்டு வந்த பெண் ஒண்டியாகத் திணறிக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒதுங்கி எங்க போறிய? உங்க தப்புதான அண்ணாச்சி, வந்து தள்ளுங்க."

தள்ளினேன். தெற்கு அறையில் சன்னலோரமாக நிறுத்தியதும் ஏழேகாலுக்கு வெயில் வந்து பெரியவரின் நெஞ்சு மேல் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது திங்கட்கிழமைதோறும் காலையில் அங்கே போய்விடுகிறேன். வேலை விஷயமாக எதுவும் கேட்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதுவரை என் இரண்டு கையும் கட்டிலில் இருக்கும்.